இசைவாணனின் குடியும் ஏழையின் குடியும்

கீர்த்தியின் உச்சியில் இருக்கும் ஒரு பாடகன், அவனுடைய பாட்டின் நுட்பத்தை உணர்ந்து அந்த உணர்ச்சியின் வழியாகவே அவனை நேசிக்கத் தொடங்கும் ஒரு பெண், அவ்விருவருக்கும் நடுவில் வந்து புகுந்து பாட்டையும் பாடகனையும் ஒருங்கே அழித்துவிடப் பார்க்கும் மது ஆகிய மூன்றையும் சேர்த்துக் கதை பின்னுவது சினிமாவுக்குப் புதிய காரியம் அன்று. 'எ ஸ்டார் இஸ் பார்ன்' என்ற பெயரில் அமெரிக்கர்கள் கலைஞனின் புகழையும் குடியையும் பற்றிய ஒரே கதையை 1937, 1954, 1976, 2018 என நான்கு தடவை எடுத்திருக்கிறார்கள். அந்தச் சாயலிலே ஹிந்தியில் 2013-ஆம் ஆண்டு 'ஆஷிக்கி 2' வந்தது. தமிழில் அந்த வரிசையோடு சேர்த்து எண்ணத் தக்கதும், என் அபிப்பிராயத்தில் அவ்வரிசையிலுள்ள மற்ற எல்லாவற்றையும்விடச் சங்கீதத்தின் உள்ளே நெடுந்தூரம் சென்றதுமான படம், கே. பாலசந்தர் 1985-இல் அளித்த 'சிந்து பைரவி'. அதன் உயர்வைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சங்கீதத்தைப் பற்றி அப்படம் சொல்வதை ஒப்புக்கொள்கிற மனம், மதுவைப் பற்றி அது சொல்வதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்பதை நிதானமாக விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை.

இப்படத்தைக் குறித்து எழுதியவர்களில் பெரும்பாலோர் சங்கீத சபைகளின் பக்கத்திலிருந்து எழுதினார்கள். ஆகையால் தியாகராஜ கிருதியும் ராக மாற்றமும் மேடை ஆசாரமும் அவர்கள் கண்ணுக்கு முதலில் பட்டன. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து மேலே ஏறி வந்து சேரும் இந்த வெள்ளிமலையில் வசிக்கிறவர்களுக்கோ அதே படத்தில் வேறொன்று முதலில் கண்ணில் படுகிறது. 'ஊறல்' என்ற சொல்லுக்கு இங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கல்வராயன் மலையில், ஓடைக்கரைப் புதர்களுக்குள்ளே பேரல் பேரலாகப் போட்டு வைத்திருந்த சாராய ஊறலைப் போலீசார் கவிழ்த்துக் கொட்டி அழித்தார்கள் என்ற செய்தி, மழைச் செய்தியைப் போல அடிக்கடி பத்திரிகையில் வந்துகொண்டிருக்கும் மலை இது. குடியைப் பற்றிய ஒரு படத்தை இங்கே இருந்துகொண்டு பார்க்கும்போது, யார் குடித்தால் அது காவியமாகிறது, யார் குடித்தால் அது வெறும் செய்தியாக நின்றுவிடுகிறது என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட முடிவதில்லை.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். ஜே.கே.பி. என்று ரசிகர்கள் அழைக்கும் ஜே.கே. பாலகணபதி (சிவகுமார்) பெயர்பெற்ற கர்நாடக சங்கீத வித்வான். அவருடைய மனைவி பைரவி (சுலக்‌ஷணா) கணவனிடம் அளவற்ற பக்தியும் பிரியமும் உள்ளவள். ஆனால் சங்கீத ஞானம் இல்லாதவள். அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. சிந்து (சுஹாசினி) என்னும் இசை ஆசிரியை, ஒரு கச்சேரியிலே எழுந்து நின்று அவரோடு வாதாடி, அந்த வாதத்தின் மூலமாகவே அவருடைய மனத்துக்குள் நுழைகிறாள். நட்பு காதலாகிறது, விஷயம் வீட்டுக்குத் தெரிகிறது, சிந்து விலகிப் போகிறாள், அவர் குடிக்கத் தொடங்கி மேடையையும் மானத்தையும் இழக்கிறார். மறுபடியும் அவளே வந்து அவரை மீட்கிறாள். மீட்டபின், தான் பெற்ற அவருடைய குழந்தையைப் பைரவியின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இளையராஜாவுக்கும் சுஹாசினிக்கும் பின்னணி பாடிய சித்ராவுக்கும் தேசிய விருதுகளை வாங்கித் தந்த படம் இது. சித்ராவுக்கு அதுவே முதல் தேசிய விருது.

படத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது, சிந்து எழுந்து நிற்கும் அந்தக் கச்சேரிக் காட்சியைத்தான். தியாகராஜரின் 'மரி மரி நின்னே' என்ற தெலுங்குக் கிருதியை ஜே.கே.பி. பாடுகிறார், சபை பயபக்தியோடு தலையாட்டுகிறது. அர்த்தம் புரியாத பாட்டுக்கு எதற்காகத் தலையாட்ட வேண்டும், கேட்கிறவர்களுடைய பாஷையிலே பாடினால் என்ன என்று அவள் கேட்கிறாள். வித்வானுக்குக் கோபம் வருகிறது. முடிந்தால் நீயே வந்து பாடிக் காட்டு என்கிறார். அவள் மேடை ஏறி, ஏட்டுப் படிப்பு அறியாத ஓர் ஏழைப் பெண் தன் போக்கில் பாடுவது போன்ற ஒரு நாட்டுப்பாட்டைத் தமிழிலே தொடங்குகிறாள். அது வளர்ந்து, ஸ்வரக் கோவைகளாக விரிந்து, ஒருவரும் எதிர்பாராத ஒரு கணத்தில், சற்றுமுன் அவர் பாடிய அதே கிருதியில் போய்ச் சேர்கிறது. இரண்டும் ஒரே சாரமதி ராகம் என்பதைச் சபை அப்பொழுதுதான் காதால் அறிகிறது. வயல் வரப்பிலே பிறந்த மெட்டுக்கும் திருவையாற்றிலே பிறந்த கீர்த்தனைக்கும் இடையில் கட்டியிருந்த சுவர், யாரும் இடிக்காமலே இல்லாமற் போய்விடுகிறது. இந்தக் காட்சிக்கு நிகரான ஒன்றை மேலே சொன்ன அமெரிக்கப் படங்களில் நான் காணவில்லை. அவற்றிலே பாட்டு என்பது பாடுகிறவளின் திறமைக்கு அத்தாட்சி. இங்கே பாட்டே தர்க்கமாகி, வார்த்தையால் தொடங்கிய வழக்கை ராகத்தால் முடித்து வைக்கிறது.

அந்த வழக்குக்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகம், கள்ளக்குறிச்சி அன்று சேர்ந்திருந்த அதே தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது; அதைச் சுற்றி எழுந்த தமிழிசைக் கிளர்ச்சி 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்றது. சங்கீதத்துக்குப் பாஷை ஏது என்று ஒரு கட்சியும், கேட்கிறவனுக்குப் பாஷை உண்டே என்று கல்கி முதலியோர் நின்ற மற்றொரு கட்சியும் அந்நாளில் பத்திரிகைகளிலே கடுமையாக வாதாடின. ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, அந்த வழக்கை ஓர் இளம் பெண்ணின் வாயில் வைத்து, ஒரு காதல் கதையின் முதல் முடிச்சாகவே பாலசந்தர் ஆக்கிவிட்டார். இதற்காக இளையராஜா எடுத்துக்கொண்ட சுதந்திரம் சிறியதன்று. 'மரி மரி நின்னே' மரபிலே காம்போதியில் பாடப்பட்டு வருவது. அதை அவர் சாரமதிக்கு மாற்றியதைச் சம்பிரதாயத்தில் ஊறியவர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபணை அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கிருதிக்கும் அதன் ராகத்துக்கும் உள்ள உறவு எளிதில் அறுக்கத் தக்கதன்று. ஆயினும், காம்போதியின் கம்பீரத்தைக் காட்டிலும் சாரமதியின் உருக்கத்துக்கே ஏழைப் பெண்ணின் பாட்டோடு இணைந்து நடக்கும் இயல்பு இருக்கிறது என்பதை அவர் செவி அறிந்திருந்தது. சாஸ்திர மீறலாகத் தோன்றும் அந்த மாற்றம் இல்லாவிட்டால் காட்சியே இல்லை.

இன்னொரு பாட்டைக் கல்யாணி ராகத்தின் ஆரோகண ஸ்வரங்களை மட்டும் கொண்டு, இறங்கும் வரிசை என்பதே இல்லாமல் அவர் அமைத்திருக்கிறார். கே.ஜே. ஜேசுதாஸின் குரல் அதிலே படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகிறது; பாடுகிற மனிதனின் வாழ்க்கையோ இறக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இதை வித்தைக்காகச் செய்த வித்தை என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஏறுவதை மாத்திரமே பழகிய ஒருவன் இறங்கத் தெரியாமல் விழுகிறான் என்னும் கதையைச் சங்கீதத்தின் இலக்கணத்துக்குள்ளேயே ஒளித்து வைத்த சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

கீர்த்தியைப் படம் காட்டும் விதமும் உயர்வானது. கைதட்டலும் மாலைகளும் கார்களும் கூட்டமுமே கீர்த்தி என்று மற்றப் படங்கள் காட்ட, இங்கே கீர்த்தி என்பது ஊரே கேட்கிற பாட்டுக்கு வீட்டுக்குள் ஒரு செவி இல்லாத தனிமையாக வருகிறது. ஆனால் அந்தத் தனிமையை நிரூபிப்பதற்காக இயக்குநர் பைரவியைப் பலிகொடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சங்கீதம் தெரியாமை அவளுடைய குற்றம் போலவும், அந்தக் குற்றத்துக்கு அவள் செலுத்தும் அபராதமே பின்னால் வரும் துன்பம் போலவும் கதை நகர்கிறது. அவள் நடத்தும் வீட்டிலிருந்து வயிறார உண்டு புறப்பட்டு மேடை ஏறுகிறவனுடைய கச்சேரியிலே அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எந்த இடத்திலும் படம் அழுத்திச் சொல்லவில்லை. சுலக்‌ஷணாவின் முகம் அதைச் சொல்கிறது. எழுத்திலே இல்லாத நியாயத்தைத் தம் நடிப்பினாலே பைரவிக்கு அவர் சம்பாதித்துக் கொடுத்தார். விருதுப் பட்டியலில் அவர் பெயர் வராமற் போனது எனக்கு இன்றளவும் வருத்தமே.

இனி, குடி. அது படத்தில் தலைகாட்டும் இடம் அபாரமானது. மிருதங்க வித்வான் குருமூர்த்தி (டெல்லி கணேஷ்) கச்சேரி மேடைக்குக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். வாடையை உணர்ந்த ஜே.கே.பி., நிறைந்த சபையின் முன்னிலையில் அவரை மேடையிலிருந்து அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரியை நடத்துகிறார். சங்கீதம் தெய்வம்; அதன் சந்நிதியில் குடியின் வாடை கூடாது; இதில் தயவுக்கோ சமாதானத்துக்கோ இடமில்லை. இவ்வளவு கடுமையான நியமம் உடைய மனிதனே பிற்பாடு, குருமூர்த்தி விழுந்த பள்ளத்தைக் காட்டிலும் ஆழமான பள்ளத்தில் விழுகிறான் என்பதிலே, கதாசிரியரான பாலசந்தரின் கை நன்றாகத் தெரிகிறது. தர்மம் பேசியவனே அதை மீறும்போது உண்டாகும் அதிர்ச்சி சாதாரணக் குடிகாரனின் கதையில் கிடைக்காது.

ஆனால் இதே அமைப்பில் ஒரு பேதமும் ஒளிந்திருக்கிறது. குருமூர்த்தியின் குடிக்குக் காரணம் கேட்டு யாரும் நிற்பதில்லை. அது ஒரு பக்கவாத்தியக்காரரின் கெட்ட பழக்கம். மேடையை விட்டு அனுப்புவதோடு அதற்குத் தீர்ப்பு முடிந்துவிட்டது. ஜே.கே.பி.யின் குடிக்கோ காரணம் உண்டு, பிரிவு உண்டு, பின்னணி வாத்தியங்கள் உண்டு, பாட்டு உண்டு, அவனுக்காக அழுவதற்கு இரண்டு பெண்களும் ஒரு நண்பர் குழாமும் உண்டு. மிருதங்கக்காரரின் குடிக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடைக்கவில்லை. ஒரே கலைஞர் குழுவுக்குள்ளேயே, நடுவில் உட்காருகிறவனுடைய குடி சோகமாகவும் பக்கத்தில் உட்காருகிறவனுடைய குடி ஒழுங்கீனமாகவும் எண்ணப்படுமானால், அந்தக் குழுவுக்கு வெளியே, சபைக்கு வெளியே, ஊர்க்கோடியில் குடிக்கிறவனுக்கு என்ன இடம் மிஞ்சும்?

மிஞ்சும் இடத்தைப் படமே காட்டுகிறது. ஜே.கே.பி. வீழ்ச்சியின் அடித்தளத்தைத் தொடும் காட்சியில், மதுவுக்கு ஆசைப்பட்டு, அதைக் கொடுக்கக்கூடியவர்கள் முன்னால் ஒரு குத்துப் பாட்டைப் பாடி ஆடுகிறார். வேஷ்டியின் ஒழுங்கு கலைந்திருக்கிறது; கால்கள் தள்ளாடுகின்றன; சிவகுமார் தம் நடிப்பு வாழ்க்கையிலேயே மிகத் துணிந்து செய்த காட்சிகளில் ஒன்று அது. பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசைகிறது. பிசைவதற்குக் காரணம் என்ன என்று நின்று யோசித்தால்தான் விபரீதம் விளங்குகிறது. அவர் குடிக்காகக் கையேந்துகிறார் என்பது ஒரு காரணம். 'மகாகணபதிம்' கிருதி பாடிய வாய் டப்பாங்குத்துப் பாடுகிறதே என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைப் படம் வேண்டுமென்றே நம் மனத்தில் ஏற்றுகிறது. கூத்துத் தாளமும் தெருப்பாட்டும் வந்துவிட்டால் வித்வான் சாக்கடையில் விழுந்துவிட்டதாக அர்த்தம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. படத்தின் முற்பகுதியில் சிந்து மேடை ஏறி எதற்காக வாதாடினாளோ, எந்தச் சுவரை ராகத்தினாலே இல்லாமற் செய்தாளோ, அந்தச் சுவரை இந்தக் காட்சி ஓசைப்படாமல் மறுபடியும் எழுப்பிவிடுகிறது. நாட்டுப்பாட்டு சபைக்குள் வந்து தியாகராஜ கிருதியில் முடிந்தால் அதற்கு மதிப்பு. சபைக்கு வெளியே தன் தாளத்தோடு தானாக நின்றால் அது குடிகாரனின் கும்மாளம்.

எங்கள் மலையிலே கோயில் திருவிழாவின்போது, மேளம் அதிரத் தொடங்கியதும் வயது வித்தியாசமின்றி ஜனங்கள் ஆடுகிறார்கள். அந்தத் தாளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது; அடி தவறினால் கிழவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த செவியோடு இந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு, குடியினால் உண்டான அவமானத்தையும் தாளத்தினால் உண்டானதாகச் சொல்லப்படும் அவமானத்தையும் பிரித்தே பார்க்கத் தோன்றும். முன்னது உண்மை. பின்னது சபையின் அகம்பாவம்; அதைக் கண்டிப்பதற்காகவே எடுத்த படத்தில், கண்டித்தவரின் கண்ணில் படாமலே அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

குடியைப் பற்றிய மற்றொரு உண்மையும் படத்தின் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. 'சிந்து பைரவி' வெளிவந்த 1985-இல் தமிழ்நாட்டில் சாராயக் கடைகள் சட்டப்படியே திறந்திருந்தன. 1981-இல் திறந்த அக்கடைகளை அரசாங்கம் 1987-இன் தொடக்கத்தில் மூடியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1937 அக்டோபரில், ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்த சேலம் ஜில்லாவின் எல்லை இந்தக் கல்வராயன் மலையின் மேற்குச் சரிவையும் உட்கொண்டது. கடை திறந்தபோதும் மூடியபோதும், விலக்கு வந்தபோதும் போனபோதும், மலையின் ஓடைக்கரைகளிலே வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் சேர்ந்த ஊறல் நின்றபாடில்லை. விளைகிற மரவள்ளிக்கும் சாமைக்கும் தினைக்கும் உரிய விலையும், நிலத்துக்குப் பட்டாவும், மழைக்காலத்தில் போய்வர ஒரு பாதையும் எளிதில் கிட்டாத இடத்தில், லாரி டியூப்பில் ஊற்றித் தோளில் சுமந்து கீழே இறக்கினால் மறுநாளே காசாகிவிடும் சரக்கு அது ஒன்றுதான் என்பதை, காய்ச்சுகிறவனைத் திட்டுகிற அவசரத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.

2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருக்கும் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பாக்கெட்டில் அடைத்து விற்ற சாராயத்தைக் குடித்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடம் கூலிவேலை செய்தவர்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். குடித்தவுடன் அது சாதாரணப் போதையாகவே தெரியும். பல மணி நேரம் கழித்து, ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகு, வயிறு எரிந்து, வாந்தி எடுத்து, கண் மங்கத் தொடங்கும். கண் நரம்பு கெட்டபின் பிழைத்தாலும் பார்வை மீள்வது அரிது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றியே தானாக முன்வந்து விசாரிக்கும் நிலை உண்டாயிற்று. கருணாபுரத்தில் குடித்தவர்கள் பிரிவாற்றாமையினால் குடிக்கவில்லை. மூட்டை சுமந்த தோள்வலிக்காகக் குடித்தார்கள், பழக்கத்தினால் குடித்தார்கள், டாஸ்மாக் சரக்கை விட மலிவாகக் கிடைத்ததனால் குடித்தார்கள்.

அவர்களைப் பற்றிப் பாலசந்தர் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது. ஒரு சங்கீத வித்வானின் கதையை எடுத்துக்கொண்டவர் அதைத்தான் சொல்ல வேண்டும். என் குறை வேறு. குடியைக் காதலின் காயமாக மாத்திரமே காட்டிக் காட்டி, உடம்பைப் பிடிக்கும் நோயாக அதைக் காணும் பழக்கத்தையே தமிழ்ச் சினிமா நம்மிடமிருந்து பறித்துவிட்டது. 1953-இல் வந்த 'தேவதாஸ்' இதற்கு மூலபாடம். சரத்சந்திரரின் வங்க நாவலிலிருந்து எடுத்த அக்கதையில், சி.ஆர். சுப்பராமனின் இசைக்குக் கண்டசாலா உருகிப் பாட, குடிகாரன் வேதாந்தியாகவே ஆகிவிட்டான். அந்தப் பாட்டின் சௌந்தரியத்தை நானும் மறுக்கவில்லை. எத்தனையோ தடவை கேட்டு நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் கிண்ணத்தை ஏந்தியவன் உலகத்தின் நிலையாமையை உணர்ந்தவன் என்ற பிரமை அங்கே பிறந்து, தலைமுறைகளைத் தாண்டி, காதலில் தோற்ற ஒவ்வொரு கதாநாயகனுக்கும் ஒரு புட்டியையும் ஒரு பாட்டையும் உரிமையாக்கிவிட்டது. அதே படத்தில் பார்வதியாக நடித்த சாவித்திரி பிற்காலத்தில் தாமே மதுவின் பிடியில் சிக்கி, பல மாதங்கள் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பரில் காலமானார். 2018-இல் வந்த 'நடிகையர் திலகம்' அவருடைய வாழ்க்கையைப் பரிவோடு எடுத்துச் சொன்னது. ஆனால் குடியில் வீழ்ந்த ஆண் கலைஞனைப் பாட்டினாலும் அன்பினாலும் மீட்க ஒரு பெண் வருவாள் என்று திரும்பத் திரும்ப எழுதிய சினிமா, குடியில் வீழ்ந்த பெண் கலைஞரை மீட்க அவ்வாறே தன் வாழ்வைக் கொடுத்துவிட்டுப் போகும் ஆணை நான் அறிய எழுதியதில்லை.

இந்த இடத்தில் பாலசந்தருக்குச் சேர வேண்டிய பெருமை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'எ ஸ்டார் இஸ் பார்ன்' கதையில் குடிகாரக் கணவனுக்கு மரணமே விடுதலை. 1937-இல் அவன் கடலுக்குள் நடந்து போனான். 2018-இல் அவன் தூக்கிட்டுக்கொண்டான். 'ஆஷிக்கி 2'-இன் நாயகனும் தன்னை மாய்த்துக்கொண்டே காதலிக்கு வழிவிடுகிறான். தேவதாஸும் சாகிறான். குடித்தவன் அழகாகச் செத்துப்போவது எளிது. மறுநாள் காலையில் எழுந்து, தான் செய்த காரியங்களோடு ஊரார் முகத்தில் விழிப்பதுதான் கடினம். ஜே.கே.பி.யை உயிரோடு விட்டு, மறுபடியும் மேடையில் கொண்டுவந்து உட்கார வைத்தது, கலையின் நோக்கிலும் வாழ்க்கையின் நோக்கிலும் துணிச்சலான முடிவு.

ஆனால் அந்த மீட்சி எவ்வாறு நிகழ்கிறது? சிந்து வந்தாள், அவர் திருந்தினார் என்பதற்கு மேல் படம் அதிகம் சொல்வதில்லை. நாள்பட்ட குடியை நிறுத்தியவனுக்குக் கைநடுக்கம் வரும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பும் சித்தப் பிரமையும் வரும்; வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டிய நாட்கள் அவை. அப்புறமும் பல மாதங்களுக்கு ஒவ்வொரு மாலைப்பொழுதும் ஒரு சோதனைதான். இவற்றை அடுக்கிக் காட்டினால் பாட்டுப் படம் ஆஸ்பத்திரிப் படமாகிவிடும் என்று யாரேனும் சொல்லலாம். இரண்டே நிமிஷங்கள் போதுமே: தம்பூராவின் தந்தியைத் தொடுகிற விரல் நடுங்குகிறது என்று காட்டினால், நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பாமரரும் உணர்ந்திருப்பார்கள். அதைக் காட்டாததனாலே, அன்புள்ள ஒரு பெண் நினைத்தால் குடிகாரனைத் திருத்திவிடலாம் என்னும் நம்பிக்கை மட்டும் மிஞ்சியது. திருத்த முடியாமற்போன ஆயிரக்கணக்கான மனைவிமார், தங்கள் அன்பிலேதான் குறை என்று எண்ணிக்கொண்டு வாழ்வதற்கும் அந்த நம்பிக்கையே காரணமாகிறது.

மீட்டவளுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பைரவி தன் கணவனைப் பங்கிட்டுக்கொள்ளவே முன்வருகிறாள். சிந்து பெற்ற பிள்ளையையே விட்டுக்கொடுத்துவிட்டு, தன் சங்கீதத்தை ஏழைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். ஜே.கே.பி.க்கோ மனைவி, குழந்தை, மேடை, கீர்த்தி யாவும் திரும்பக் கிடைக்கின்றன. தியாகம் என்ற மகத்தான சொல்லினால் இந்தக் கணக்கை மூடிவிடப் பாலசந்தர் முயன்றார். 1985-இன் ரசிகர்கள் கண்ணீரோடு அதை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை. ஆனாலும், காதலை இழந்த சிந்து மதுவைத் தேடாமல் பாட்டைக் கற்றுக்கொடுக்கவே போனாள் என்பதை இயக்குநர் எழுதியிருக்கிறார். பிரிவினால் குடித்தே தீர வேண்டும் என்பதற்கு அவருடைய படத்துக்குள்ளேயே இருக்கும் மறுப்பு அவள்தான்.

அத்தகைய சிந்துவுக்கு இன்னும் ஒரு வார்த்தை பேசக் கொடுத்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. வித்வான் குத்துப் பாட்டுப் பாடியதைக் கேள்விப்பட்டு எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ளும் வேளையில், அந்தப் பாட்டிலே தாளம் தவறவில்லை, ஸ்வரம் தவறவில்லை, அது யாரோ உழைக்கிறவர்களின் நல்ல பாட்டு, தவறியது அதை ஒரு வாய் மதுவுக்கு விற்ற கை மாத்திரமே என்று சொல்லத் தகுதி உடையவள் அந்தக் கதையில் அவள் ஒருத்தி. சபையிலே எழுந்து நின்று கேட்டவள், அங்கேயும் எழுந்து நின்று கேட்டிருப்பாள்; பாலசந்தர் அந்த வசனத்தை அவளுக்கு எழுதவில்லை.